ஃபோர் வீல் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

நீலகிரியில் ஜீப் வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருவது இந்தக் கோளாறுதான். எஸ்டேட் சேற்றில் ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுப்பது) போட்டிருப்பார்கள், தார் ரோடு ஏறியதும் எடுத்திருக்க மாட்டார்கள். அல்லது கல்லட்டி மாதிரி செங்குத்தான மலைப்பாதையில் இழுவை நன்றாக இருக்கும் என்று வேண்டுமென்றே போட்டு ஏறியிருப்பார்கள். அப்புறம் ராடு (ஃபோர் வீலைப் போடவும் எடுக்கவும் உள்ள நெம்புகோல்) வரவில்லை, வளைவில் வண்டி குதிக்கிறது, அடியில் சத்தம் கேட்கிறது என்று போன் வரும். இவற்றில் பெரும்பாலானவை டிரான்ஸ்ஃபர் கேஸை (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) இறக்காமலே சரியாகிவிடும். இறக்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலைக்குப் போவது பெரும்பாலும் ராடை உதைத்தும் சுத்தியால் தட்டியும் வெளியே எடுக்கப் பார்த்த பிறகுதான்.

இங்கே சொல்வது நடுவில் டிஃபரன்ஷியல் (முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) இல்லாத வண்டிகளுக்கு: பழைய மஹிந்திரா ஜீப், ஜிப்ஸி, ஃபோர் வீல் பொலேரோ, மஹிந்திரா தார், ஜிம்னி போன்றவை. இவற்றில் ஃபோர் வீல் விழுந்ததும், டிரான்ஸ்ஃபரிலிருந்து அச்சுகளுக்குப் போகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சக்கரம் எப்போதும் அதிக தூரம் ஓடியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பின் அச்சின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வையுங்கள், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர் என்றால் அந்த ஒரு வளைவில் முன்பக்கம் சுமார் ஒன்றரை மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். சேற்றில் டயர் வழுக்கிக்கொடுத்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை, அந்த ஒன்றரை மீட்டரும் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் முறுக்காக ஏறி உட்கார்ந்துகொள்ளும். இடது வளைவில் ஏறியது வலது வளைவில் இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்காது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடுதலாக ஓடுவது முன்பக்கம்தான். கல்லட்டியில் 36 வளைவு இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒன்று. டிரான்ஸ்ஃபர் ராடை அசைக்கும்போது அது நியூட்ரல் வழியாகப் போகக்கூடும், அந்த இடத்தில் முதல் கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். சரிவில் நின்றிருந்தால் பிரேக்கில் கால் வைத்தபடி இருங்கள், கூட இருப்பவரைச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

ராடு ஃபோர் ஹையிலிருந்து வரவில்லை

ஃபோர் ஹை என்பது நான்கு சக்கரமும் இழுக்கும் இடம், டூ ஹை என்பது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் இடம். ஏறக்குறைய எப்போதும் இது முறுக்குதான், எதுவும் உடையவில்லை. வளைவில் நிற்காதீர்கள், கொஞ்சம் நேராகவும் சமமாகவும் உள்ள இடம் வரை மெதுவாகப் போய் நிறுத்துங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். ரிவர்ஸ் போட்டு, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, நான்கைந்து மீட்டர் நேராகப் பின்னால் வாருங்கள். வரும்போதே ஆக்சிலரேட்டரை விட்டு, கிளட்சை மிதித்து, ராடை டூ ஹை பக்கம் லேசாக, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். முறுக்கு இறங்கும் நொடியில் "டொக்" என்று ஒரு சத்தம் வரும், ராடு தானாகக் கைக்கு வந்துவிடும். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

வரவில்லையா? ஒருபக்கச் சக்கரங்களை ஓரத்து மண்ணிலோ புல்லிலோ ஜல்லியிலோ இறக்கி முன்னும் பின்னும் ஒருமுறை உருட்டுங்கள். சக்கரம் சற்று வழுக்கினால் போதும். நம் ஊரில் தார் ஓரம் மண் இருக்கிறதா பள்ளத்தாக்கு இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள், மழைக்காலத்தில் ஓரம் இடிந்து போகும்.

அதற்கும் வரவில்லை என்றால் சமதளத்தில் மட்டும், மற்றச் சக்கரங்களுக்கெல்லாம் கல் வைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அந்தச் சக்கரம் திடீரென்று அரைச் சுற்று சுழலலாம், கையும் காலும் பக்கத்தில் இருக்கவே கூடாது. பழைய மஹிந்திரா ஜீப் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. அந்த வண்டியில் பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பிடிக்காது, அதனால்தான் முன் சக்கரம் என்கிறேன்.

முறுக்கு இறங்கிய பிறகும் ராடு கனமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெளியே இருப்பவை: தரை மேட் ராடின் அடியில் சொருகிக்கொண்டிருக்கிறதா, ராடின் ரப்பர் கவர் கிழிந்து உள்ளே மண் இறங்கியிருக்கிறதா, அடியில் இணைப்புக் கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றனவா. செம்மண் காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் அடித்துக் கழுவி, காய்ந்த பிறகு எண்ணெய் விட்டாலே சரியான வண்டிகள் எத்தனையோ.

ராடு எந்தத் தடையும் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் கதை வேறு. ராடின் இணைப்பில் உள்ள ஊசி கழன்றிருக்கும், அல்லது உள்ளே பல்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கும். ஊசி கழன்றது அடியில் பார்த்தாலே தெரியும். அது சரியாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கேஸைத் திறக்க வேண்டும்.

ராடுக்குப் பதில் ஸ்விட்ச் வைத்த வண்டியில் ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது

மேலே சொன்ன ரிவர்ஸ் வழிதான் இதற்கும் முதல் மருந்து, எந்த கியரில் ஸ்விட்சைத் திருப்ப வேண்டும் என்பதை மட்டும் உங்கள் வண்டியின் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தால், ஃபோர் வீலை மாற்றும் சிறு மோட்டார் பாதி வழியில் நிற்கும். ஒருமுறை திருப்பிவிட்டு மெதுவாக நேராக உருட்டுங்கள். விளக்கு அணையவில்லை என்றால் சாவியை அணைத்து, சிறிது நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஃபியூஸ், பேட்டரி முனைகள், அடியில் உள்ள ஒயர் சாக்கெட்டில் தண்ணீர். குளிரில் பேட்டரி பலவீனமாக இருந்தாலே மோட்டார் முழுதாக நகராது, ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலைகளில் இதை முதலில் சந்தேகப்படுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் ஆளிடம்தான் போக வேண்டும். வாரண்டி உள்ள வண்டியில் நீங்கள் எதையும் கழற்றாதீர்கள்.

வளைவில் குதிக்கிறது, ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, டயர் கீச்சிடுகிறது

ராடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபோரில் இருந்தால் இது கோளாறே இல்லை, டூ ஹைக்கு எடுத்தால் முடிந்தது.

டூ ஹையில் இருந்தும் இப்படி என்றால் ஃபோர் வீல் முழுதாக விடுபடவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். அதற்கு முன் இரண்டு எளிய விஷயங்கள். டயர் காற்றைப் பாருங்கள். பிறகு கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் வளையத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அது பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, ஃபோர் வீல் கோளாறு இல்லை. இதைப் பார்க்காமல் டிரான்ஸ்ஃபரைக் கழற்றிச் செலவு செய்தவர்கள் உண்டு.

கையால் திருப்பும் ஹப் (முன் சக்கரத்தின் நடுவில், சக்கரத்தை அச்சோடு பூட்டும் பாகம்) உள்ள வண்டியில் ஒரு பக்கம் பூட்டியும் ஒரு பக்கம் திறந்தும் கிடப்பது சகஜம், இறங்கி இரண்டையும் பாருங்கள். காற்றுக்குழாயால் இயங்கும் ஹப் என்றால் எஞ்சினிலிருந்து முன் அச்சுக்கு வரும் மெல்லிய ரப்பர் குழாயை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் வண்டிகளில் எலி வேலை மிக அதிகம். குழாய் மலிவான பொருள்.

இனி சோதனை. எஞ்சினை அணைத்து, சமதளத்தில், கல் வைத்து, ராடை டூ ஹையில் விட்டு, முதல் கியர் போட்டு, ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். சுற்றாமல் இறுகி நின்றால், பிரேக்கும் பிடிக்கவில்லை என்றால், உள்ளே ஃபோர் வீல் இன்னும் விழுந்தே கிடக்கிறது. சுற்றும்போது முன் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றுகிறதே என்று பழைய ஜீப்காரர்கள் பதற வேண்டாம், ஹப் இல்லாத வண்டியில் அது அப்படித்தான்.

டயர் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கி முன்னால் போட்டு, தேய்ந்ததைப் பின்னால் விட்டால், ஃபோரில் இருக்கும்போது நேரான தாரில்கூட முறுக்கு ஏறும். புதியதற்கும் பழையதற்கும் 5 மில்லிமீட்டர் பட்டன் வித்தியாசம் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர், ஒரு கிலோமீட்டருக்குப் பத்து மீட்டருக்கும் மேல் போய்விடும். பச்சைத் தேயிலை மூட்டையை அளவுக்கு மீறி ஏற்றிப் பின் டயர் அமுங்கி ஓடினாலும் இதே விளைவுதான். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே மாதிரித் தேய்மானம். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆக்சிலரேட்டரை விட்டாலும் மிதித்தாலும் அடியில் "தடக்"

கேஸிலிருந்து வருகிறது என்று தோன்றும், பெரும்பாலும் அது ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்டின் முனையில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்). முறுக்கோடு பல நாள் ஓடிய வண்டியில் முதலில் தேய்வதும் அதுதான். எஞ்சினை அணைத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஷாஃப்டைக் கையால் இரண்டு பக்கமும் முறுக்கிப் பாருங்கள், மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். கிராஸின் மூடிக்கும் அதைப் பிடித்திருக்கும் நுகத்துக்கும் (யோக்) இடையே ஆட்டம் தெரிந்தால் அது போய்விட்டது. மூடியைச் சுற்றிச் செந்நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் அரைபடுகிறது என்று பொருள். ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

கிராஸ் நன்றாக இருந்தால் ஷாஃப்டின் நடுவே முன்பின் நகரும் பகுதிக்குக் கிரீஸ் அடியுங்கள், நிப்பிளில் மண் அடைத்திருக்கும், துடைத்துவிட்டு அடியுங்கள். அடுத்து எஞ்சின், கியர்பாக்ஸ் ரப்பர் மவுன்ட், பின் பட்டை ஸ்பிரிங்கின் யு போல்ட் இறுக்கம். இவை எல்லாம் வீட்டில் பார்க்கக்கூடியவை. அதற்கும் மேல், டிஃபரன்ஷியலின் பினியன் (ஷாஃப்ட் மாட்டும் சிறிய பல்சக்கரம்) நுனியைப் பிடித்து அசைத்தால் மேலும் கீழும் ஆடுகிறது என்றால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அது கைதேர்ந்தவர் வேலை, தள்ளிப்போட்டால் கிரவுன் பினியன் செட்டே (டிஃபரன்ஷியலின் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) மாற்ற வேண்டி வரும்.

ஹேண்ட் பிரேக் ஷாஃப்டில் உள்ள பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இந்தத் "தடக்" சத்தத்தோடு மலை இறங்கவே இறங்காதீர்கள். இறக்கத்தில் பின் கிராஸ் உடைந்தால் எஞ்சின் பிடிப்பும் போகும், ஹேண்ட் பிரேக்கும் போகும், மிச்சம் இருப்பது கால் பிரேக் மட்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில், ஏற்கெனவே சூடாகியிருக்கும் பிரேக்கோடு அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது.

வேகம் எடுத்தால் வண்டி நடுங்குகிறது

சக்கர வளையத்தின் உள்பக்கம் பாருங்கள். சேற்றில் போய் வந்த வண்டியில் அங்கே ஒரு பக்கமாக மண் காய்ந்து ஒட்டியிருந்தாலே போதும், நடுக்கம் வரும். சுரண்டிக் கழுவுங்கள், ஷாஃப்டையும் சேர்த்து.

நடுக்கம் அண்மையில் ஷாஃப்டைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கியதா? அப்படியானால் இரண்டு நுகங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். கழற்றும் முன் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. அதுவும் சரி என்றால் ஷாஃப்டில் ஒட்டியிருந்த சிறு எடைத்துண்டு விழுந்திருக்கும், அல்லது பாறையில் இடித்து ஷாஃப்ட் நெளிந்திருக்கும். லேத்தில் வைத்து நேர் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஊளையிடுகிறது, உறுமுகிறது, அடியில் எண்ணெய்

ஃபில்லர் போல்ட்டைத் திறந்து விரல் விடுங்கள், கியர் ஆயில் அந்தத் துளையின் விளிம்பைத் தொட வேண்டும். முன் அச்சு, பின் அச்சு, டிரான்ஸ்ஃபர் என மூன்றையும் பாருங்கள், டிரான்ஸ்ஃபரை மறந்துவிடுவார்கள். என்ன ஆயில் என்பதை மட்டும் வண்டிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சங்கிலி வைத்த சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கு மெல்லிய ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்தான், அதில் கெட்டியான ஆயிலை ஊற்றினால் கெடும்.

ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையைத் தாண்டிய வண்டிகளில் அச்சின் மேலே உள்ள மூச்சுக்குழாய் வழியாக ஏறிவிடும். உடனே மாற்றுங்கள், அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றுங்கள். அதே மூச்சுக்குழாய் மண்ணால் அடைத்துப்போனால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியே வெளியே தள்ளும். சீல் மாற்றியும் மறுபடி ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் மசிபோல மெல்லிய பொடி இருந்தால் வழக்கமான தேய்மானம். செதிலாகவோ துண்டாகவோ இரும்பு வந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளை மாறினால் கிரவுன் பினியன். எப்போதும் ஒரே உறுமல் என்றால் பேரிங். ஃபோரில் மட்டும் கேட்டால் முன் டிஃபரன்ஷியல் அல்லது டிரான்ஸ்ஃபரின் முன்பக்கம். இந்த மூன்றுக்கும் ஆள் வேண்டும்.

முழுதாக ஒடித்துத் திருப்பினால் "டிக் டிக்"

முன் சக்கரத்துக்கு உள்பக்கம் ரப்பர் பூட் உள்ள வண்டி என்றால் அது கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். கிழிந்தது புதிது என்றால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் தப்பிக்கலாம். சத்தம் வந்துவிட்டால் உள்ளே ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. ஹப் உள்ள வண்டியில் ஹப்பைத் திறந்துவிட்டு அதே மாதிரி திருப்பிப் பாருங்கள், சத்தம் போனால் உறுதி.

சேற்றில் சுமையோடு ஏறும்போது "கடக் கடக்"

தாரில் ஒரே ஒருமுறை "டொக்" என்றால் முறுக்கு இறங்கியது. சேற்றிலும், மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து கடகடத்தால் வேறு. ஹப் பாதி மட்டும் விழுந்து பல் நழுவுகிறதா என்று பாருங்கள், திறந்து மறுபடி முழுதாகப் பூட்டுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் டிரான்ஸ்ஃபரின் சங்கிலி நீண்டு பல் தாண்டுகிறது. சங்கிலி இல்லாமல் பல்சக்கரம் மட்டும் உள்ள பழைய கேஸ் என்றால் பல் தேய்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். சங்கிலி என்றால் டூ ஹையில் மெதுவாக வீடு போய்ச் சேருங்கள், ஃபோர் வீலைத் தொடாதீர்கள். பல் என்றால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

ஃபோர் போட்டும் முன்பக்கம் இழுக்கவில்லை

ஹப், குழாய், ஃபியூஸ் பார்த்தாயிற்று என்றால் அதே தூக்கும் சோதனை, இம்முறை ஃபோர் ஹையில், முதல் கியரில், எஞ்சின் அணைத்து. தூக்கிய முன் சக்கரம் சுற்றவே கூடாது. சுற்றினால் முன் ஷாஃப்டைப் பாருங்கள். ஷாஃப்டும் சுற்றினால் டிரான்ஸ்ஃபரில் ஃபோர் விழவில்லை. ஷாஃப்ட் நின்று சக்கரம் மட்டும் சுற்றினால் இடதோ வலதோ ஒரு ஹப் அல்லது உள் அச்சு போயிருக்கிறது. தாரில் ஃபோர் போட்டு, முழுதாக ஒடித்து, பெரிய சத்தம் கேட்ட பிறகு இப்படி ஆனால் உள் அச்சுதான்.

இடையில் வரும் ஒரு கேள்வி: நனைந்த தாரில் போடலாமா, இறக்கத்துக்கு ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மிக மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் இடம்) போடலாமா

தூறலில் நனைந்த தாரிலும் டயருக்குப் பிடிப்பு இருக்கிறது, தேவையில்லை. மண் சரிந்து ரோட்டில் சேறு பரவிக் கிடக்கும் இடத்தில் போடுங்கள், அதைத் தாண்டியதும், அடுத்த வளைவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். குந்தா, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் போடுவதும் எடுப்பதும் ஒரே பயணத்தில் பலமுறை வரும், சலித்துக்கொள்ளாமல் செய்யுங்கள். காய்ந்த மலைப்பாதையில் இறங்க ஃபோர் லோ வேண்டாம். டூ ஹையில் முதல் அல்லது இரண்டாம் கியரே எஞ்சின் பிடிப்புக்குப் போதும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

பெரிய சத்தத்துக்குப் பிறகு வண்டி நகரவில்லை, ராடு தொளதொளக்கிறது, ஆயிலில் இரும்புத் துண்டு, பினியன் ஆட்டம், தூக்கியும் இறங்காத முறுக்கு: இந்த ஐந்தில் எது வந்தாலும் நீங்கள் முயற்சி செய்வதை நிறுத்துங்கள். கயிறு கட்டி மலையில் இழுத்து இறக்காதீர்கள், வண்டியை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியாகக் கேளுங்கள். இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுப்பவர் வந்தால் தரையில் உருளும் பக்கத்து ஷாஃப்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

போனிலேயே சொல்ல வேண்டியவை: ராடு இப்போது எந்த இடத்தில் நிற்கிறது, சத்தம் டூவிலா ஃபோரிலா, மிதிக்கும்போதா விடும்போதா, என்ன சுமை இருந்தது, கடைசியாக டிரான்ஸ்ஃபர் ஆயில் எப்போது மாற்றியது, ஹப் எந்த வகை. கிண்ணக்கொரை மாதிரி உள்ளே தள்ளி இருக்கும் ஊர் என்றால் இதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் கிராஸும் சீலும் ஆயிலும் கையோடு எடுத்து வர முடியும், இல்லாவிட்டால் ஒரு சாமானுக்காக மறுபடி மஞ்சூரோ குன்னூரோ போய் வர வேண்டும்.